லிஃப்ட் எனத் தோன்றுவது

தோற்றவியல் உயராய்வு நிறுவனம் என்ற பலகையைப் படித்தபோது, முகத்துக்குப் பூச்சுப் பூசவும் தலைமுடி திருத்தவும் சொல்லிக்கொடுக்கிற இடம் போலிருக்கிறது என்றுதான் லிஃப்ட் மெக்கானிக் நினைத்தார். தோற்றம் என்றால் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐந்து மாடிக் கட்டடம். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவரை வாட்ச்மேன் பாதி வழியிலேயே எதிர்கொண்டார்.

"ஒண்ணு அஞ்சுக்கு நின்னுது. இப்ப ஒண்ணு இருபது. உள்ள ஸ்டெனோ அம்மா இருக்காங்க."

மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நிற்கிறதாம். மெக்கானிக்குக்கு இது புதிதில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு நீதிபதியை எடுத்திருக்கிறார், இரண்டு மெத்தைகளோடு ஒரு கடைக்காரரை எடுத்திருக்கிறார், நாயும் நாய்க்கு ஊசி போட வந்த டாக்டரும் ஆளுக்கொரு மூலையில் நின்றதைப் பார்த்திருக்கிறார். மொட்டைமாடியில் இருக்கிற மெஷின் அறைக்குப் போய் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிரேக்கைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பெட்டியை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். பிறகு சாவி போட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

ஆனால் இந்தக் கட்டடத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. முன்பு கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆள் மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கேயே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்துவிட்டார். லிஃப்டைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அதனால் லிஃப்டைத் தொடுவதில்லை. இப்போது ஏதோ மாநாட்டுக்காக வெளியூரில் இருந்தார். அவருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பச் சொல்லி நிறுவனம் இந்த மூன்று வருஷத்தில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

வாட்ச்மேனின் மேஜைக்கு மேலே ‘கடிகாரம் எனத் தோன்றுவது’ என்று ஒரு சின்னப் பலகை, அதற்குக் கீழே கடிகாரம். தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் அதே மாதிரி பலகைகள். ‘தீயணைப்பான் எனத் தோன்றுவது’ என்ற பலகைக்குக் கீழே மட்டும் வெறும் ஆணி இருந்தது.

மேஜை மேலிருந்த இன்டர்காமில் லிஃப்டோடு பேச முடியும் என்றார் வாட்ச்மேன். மெக்கானிக் எடுத்தார்.

"அம்மா, லிஃப்ட் கம்பெனியிலேர்ந்து வந்திருக்கேன். பயப்படாதீங்க."

"பயமெல்லாம் இல்ல தம்பி." ஐம்பது வயதைத் தாண்டிய, நிதானமான குரல். "எனக்கு சுகர் இருக்கு. பன்னெண்டே முக்காலுக்கு இன்சுலின் போட்டுக்கிட்டேன். போட்டு அரை மணிக்குள்ள சாப்பிடணும். சாப்பாட்டு டப்பா கீழ, மிட்டாய் இருக்கிற கைப்பை மேல, நான் நடுவுல. கையில நோட்டும் பென்சிலும்தான் இருக்கு. அதான் விஷயம்."

மெக்கானிக்கின் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். படியேறிக்கொண்டே அவளுக்குப் போன் போட்டார். என்ன ஊசி, எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டுக்கொண்டாள். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், இரண்டு மணி வாக்கில் நிலைமை மோசமாகலாம் என்றாள். பேச்சு குழற ஆரம்பித்தால் அப்புறம் நிமிஷக் கணக்குதான். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், நினைவு போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. "எங்கிட்ட பேசிட்டு நிக்காதீங்க. போய்த் திறங்க" என்று வைத்துவிட்டாள்.

மெஷின் அறைச் சாவி முதல் மாடியில் பதிவாளரிடம் இருந்தது. பதிவாளர் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்ட, மெலிந்த மனிதர். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்தவர் சாவியை எடுப்பார் என்று பார்த்தால், படிவத்தை எடுத்தார். அதன் பெயர் முன்முடிவு ஒத்திவைப்புப் படிவம். வெளியாள் யாராக இருந்தாலும் அதை நிரப்பாமல் முதல் மாடியைத் தாண்டக் கூடாது.

"சார், உள்ள ஒருத்தங்க மாட்டிக்கிட்டிருக்காங்க."

"அது உங்க முன்முடிவு. முதல் கட்டத்துல எழுதுங்க. எழுதிட்டு அடிச்சிடுங்க."

பதிவாளர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். மனிதர்கள் உலகம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறார்கள், அதனால்தான் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை, அந்த நம்பிக்கையை வாசலிலேயே தள்ளிவைத்துவிட்டால் ஒவ்வொரு பொருளும் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே தெரியும் என்று விளக்கினார். இல்லை என்று சொல்லச் சொல்லவில்லையாம். இருக்கிறது என்று சொல்வதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் போதுமாம்.

"எவ்ளோ நேரம் சார்?"

"அதை எங்க இயக்குநர் முப்பது வருஷமா ஆராய்ஞ்சிட்டிருக்கார்."

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னீர்களா என்று மெக்கானிக் கேட்டார். சொல்லாமல் இருப்பாரா? ஒன்று பத்துக்கே பதிவாளர் போன் செய்திருந்தார். லிஃப்ட் எனத் தோன்றுகிற ஒன்றுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எனத் தோன்றுகிற ஒன்று கேட்பதாகத் தோன்றுகிறது என்று முறைப்படி தகவல் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர், வேலையில்லையா உங்களுக்கு என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். இரண்டாவது முறை எடுக்கவே இல்லையாம். மெக்கானிக் தானே போன் போட்டுப் பார்த்தார். கட்டடத்தின் பெயரைச் சொன்னதுமே அவர்கள் வைத்துவிட்டார்கள்.

மெக்கானிக் முதல் கட்டத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று எழுதி அடித்தார். அதற்குள் ஒரு அம்மா இருக்கிறார் என்று எழுதி அடித்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்பதை அடிக்கும்போது பேனா அழுந்திக் காகிதம் கிழிந்துவிட்டது. கிழிந்த படிவம் செல்லாது. பதிவாளர் இரண்டாவது படிவத்தை எடுத்து நீட்டினார். மேஜையின் ஓரத்தில் பதிவாளரின் சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் இருந்தது. ஒன்று பத்துக்கு அவரும் ஸ்டெனோவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாம். இருபத்தேழு வருஷ வழக்கம். அதைச் சொல்லிவிட்டு, "வழக்கமும் ஒரு முன்முடிவுதான்" என்று பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மேஜை இன்டர்காம் அடித்தது. ஸ்டெனோ.

"தம்பி, படிவத்துலயா இருக்கீங்க? அந்தப் படிவம் முழுக்க நான் தட்டச்சு அடிச்சதுதான். மூணாவது கேள்விக்கு ‘ஆம்’னு எழுதாதீங்க, ‘ஆம்’னா இணைப்பு ஒண்ணு வரும், பதினொரு பக்கம். ‘தோன்றுகிறது’ன்னு எழுதுங்க. நாலுலேர்ந்து பதிமூணு வரைக்கும் அதையே எழுதலாம். யாரும் படிக்க மாட்டாங்க."

"எப்படி இருக்கீங்கக்கா?"

"வேர்க்குது." கொஞ்சம் நிறுத்தினார். "பதினாலாவது கேள்விதான் கஷ்டம். அது வாய்மொழி. இயக்குநர் முன்னாடி."

ஒன்று நாற்பதுக்கு மெக்கானிக்கும் பதிவாளரும் இரண்டாம் மாடிக் கருத்தரங்கு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். முப்பது பேர் இருந்தார்கள். அன்றைய தலைப்பு ‘காத்திருத்தல்’. இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார், அதனால் இருவரும் காத்திருந்தார்கள். பதிவாளர் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். இயக்குநர் படித்தார். முகம் மலர்ந்தது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, நம் அனைவருக்கும் ஓர் அரிய வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்று சபைக்கு அறிவித்தார்.

சபையே எழுந்து நான்காம் மாடிக்கு ஏறியது. படிகளில் யாரும் அவசரப்படவில்லை. நான்காம் மாடி லிஃப்ட் கதவில் கையகலக் கண்ணாடி பதித்திருந்தது. அதற்குப் பின்னால் இருட்டு. இயக்குநர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவர் பேச்சு உள்ளே இருந்த ஸ்டெனோவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"நண்பர்களே, சிக்கியிருத்தலைப் பற்றி நான் ஏழு நூல்கள் எழுதியிருக்கிறேன். என் வாழ்நாளில் ஒருமுறைகூட எங்கும் சிக்கியதில்லை. ஆகவேதான் என் எழுத்தில் கலப்படம் இல்லை. இப்போது நமக்குக் கீழே, ஆறடி தூரத்தில், சிக்கியிருத்தல் தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொண்டிருக்கிறது. இந்தத் தொழில்நுட்ப நண்பர் அவரை உடனே வெளியே எடுத்துவிட விரும்புகிறார். நல்ல மனம். ஆனால் எடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன? வெளியே இருக்கிற ஒரு ஸ்டெனோ. அது நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது."

சிலர் குறிப்பெடுத்தார்கள். மெக்கானிக்குக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு மனுஷி உயிருக்குப் போராடுகிறாள் என்று ஆரம்பித்தார். இயக்குநர் அன்போடு அவர் தோளில் கை வைத்து, ‘போராடுகிறாள்’ என்பது வெளியிலிருந்து போட்ட சட்டை என்றார். சாவியைக் கொடுக்க மறுப்பே இல்லை, பதினாலாவது கேள்விக்குப் பதில் வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். கேள்வி இதுதான்: நீங்கள் உங்கள் வேலையைச் செய்யும்போது உங்கள் கை எதை அறிகிறது? அது அறிவதை நீங்கள் எப்படி அறிகிறீர்கள்?

மெக்கானிக் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடத்தான் நினைத்தார். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை நாளாகும், எவ்வளவு ஆகும், உத்தரவாதம் உண்டா என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கை எதை அறிகிறது என்று ஒரு ஆள் கேட்டதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிரேக் லீவரை ஒரு மயிரிழை இழுத்ததும் அதில் ஒரு நடுக்கம் வரும், தூங்குகிற பூனை மேல் கை வைத்த மாதிரி. பெட்டி நகரப் போகிறது என்று அர்த்தம். நகர்ந்ததும் மணிக்கட்டு தானாக மூடிக்கொள்ளும். தானாக என்றால் எப்படி என்று ஒருவர் கேட்டார். மெக்கானிக் அதற்கும் யோசித்தார். முதலில் விரலா, மணிக்கட்டா என்று இன்னொருவர் கேட்டார். அவர் காற்றில் லீவரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். விரல்தான் முதலில். இல்லை, தோள். திரும்பவும் செய்து பார்த்தார். இப்போது எதுவுமே முதலில் வராத மாதிரி இருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தபோது ஆறு நிமிஷம் போயிருந்தது. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. இயக்குநர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். பதிவாளர் சாவியை எடுத்து நீட்டினார்.

பெட்டியின் தளம் நான்காம் மாடித் தளத்துக்கு நேராக வந்ததும் உடனே சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் நீங்கள் செய்ய வேண்டியது என்று பதிவாளரிடம் சொல்லி, அவருடைய செல்போனுக்கு அழைத்துத் தன் போனை ஸ்பீக்கரில் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெக்கானிக் மேலே ஓடினார்.

மெஷின் அறைக்குள் புழுக்கம் முகத்தில் அடித்தது. மணி இரண்டு மூன்று. மெயினை அணைத்தார். இரும்புக் கயிற்றில் மஞ்சள் கோடுகளைத் தேடினார். எந்த மாடிக்கு நேராகப் பெட்டி நிற்கிறது என்று தெரிவதற்காகக் கயிற்றில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டிருப்பார்கள். இங்கே ஒரு கோடுகூட இல்லை. யாரோ சுத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

"அது போன வருஷக் குழு முடிவு" என்றார் பதிவாளர் போனில். "வரப்போற மாடியை முன்கூட்டியே குறிச்சு வைக்கிறது தப்புன்னு."

"யாரு சார் துடைச்சது?"

"உங்க பழைய ஆள்தான். மண்ணெண்ணெய் போட்டு."

அங்கேயும் ஓர் இன்டர்காம் சுவரில் தொங்கியது. அதன் ரிசீவரை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். "அக்கா, மேல வந்துட்டேன். இப்ப மெதுவா மேல நகரும். உக்காந்துக்குங்க."

"உக்காந்துதான்... இருக்கேன்."

அந்த இடைவெளி மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை. இடது கையால் லீவரைப் பிடித்தார், வலது கை மோட்டார் சக்கரத்தில். இழுக்க வேண்டும். இழுக்கலாம் என்று நினைத்த அதே நொடியில், இப்போது கை எதை அறிகிறது என்று மண்டைக்குள் ஒருவர் கேட்டார். நடுக்கம் வருகிறதா என்று பார்த்தார். வந்த மாதிரியும் இருந்தது, அது தன் கையின் நடுக்கம் மாதிரியும் இருந்தது. விரலா முதலில், தோளா? கை அவருக்காகக் காத்திருந்தது. அவர் கைக்காகக் காத்திருந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

பெட்டி குபுக்கென்று மேலே எகிறியது. உள்ளே ஒற்றை ஆள்தானே, கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எதிர்ப்பக்கத்து எடை அதிகம். பதறிப்போய் லீவரை விட்டார். பிரேக் கடித்து நின்ற சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. ரிசீவரில் "அம்மா" என்று ஒரு முனகல்.

மெக்கானிக் மறுபடி லீவரைப் பிடித்தார். பூனை, மயிரிழை, மணிக்கட்டு என்று சொன்ன வார்த்தைகள் எல்லாம் நினைவில் இருந்தன. வேலை மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"தம்பி. என்ன... ஆச்சு?"

"கை ஓட மாட்டேங்குதுக்கா. அவங்க கேட்டதையே நெனச்சிட்டிருக்கேன். எப்படிச் செய்வேன்னே தெரியல."

ஸ்டெனோ ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நாக்கு தடித்திருந்தது. "என்னையும் கேட்டாங்க. எந்த விரல்... எந்த எழுத்துக்குப் போகுதுன்னு. மூணு நாள்... ஒரு வரி அடிக்க முடியல."

"அப்புறம்?"

"பதிவாளரோட சண்டை போட்டேன். ஃபேனை அணைச்சிட்டார்னு. திட்டிக்கிட்டே அடிச்சேன். ஒரு தப்பு இல்ல." மூச்சு வாங்கினார். "உங்க வீட்ல... கடைசியா என்ன சண்டை?"

"இப்ப எதுக்குக்கா அது?"

"சொல்லுங்க."

மெக்கானிக் சொன்னார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பத்து வருஷம் ஆகிவிட்டது என்று மனைவி பெயின்ட் வாங்கச் சொன்னாள். வெளிர்நீலம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். கடையில் நீலம் தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரன் பச்சை டப்பாவைக் காட்டி, இது சுவரில் காய்ந்ததும் நீலமாகத்தான் தெரியும் என்றான், இவரும் நம்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "காயவும் இல்ல, நீலமாவும் ஆகலக்கா. தவளை கலர்ல நிக்குது கூடம். அவ ஒரு வார்த்தை பேசல. நாற்காலியைச் சுவத்துப் பக்கமாத் திருப்பிப் போட்டுட்டு, வர்றவங்க போறவங்களை எல்லாம் அந்தச் சுவத்தைப் பாக்க உக்கார வெக்கிறா. எங்க மாமனார் வந்தப்போ..."

கை வேலை செய்துகொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாது. லீவர் மயிரிழை திறந்தது, மூடியது. கயிறு ஒரு விரல் நகர்ந்தது, நின்றது. திறந்தது, மூடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடும் என்று பயமாக இருந்தது. மாமனாரைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

"பச்சையா" என்றார் ஸ்டெனோ, மிக மெதுவாக. அதற்குப் பிறகு ரிசீவரில் சத்தமில்லை.

"அக்கா? மாமனார் என்ன சொன்னார்னு கேளுங்க. அக்கா?"

மெக்கானிக் பேச்சை நிறுத்தவில்லை. யாரும் கேட்காத கதையைச் சொல்லிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்த போனைப் பார்த்து இடையில் கேட்டார்: "சார், என்ன தெரியுது?"

போனில் பதில் சொன்னது பதிவாளர் இல்லை. இயக்குநர் அதைத் தன் கையில் வாங்கியிருந்தார்.

"ஒரு வெளிச்சக் கோடு" என்றார் இயக்குநர். "கீழிருந்து மேலாக விரிகிறது. மிக அழகாக இருக்கிறது. அதற்குள் ஏதோ ஒரு சாய்ந்த வடிவம். அதை மனித உடல் என்று சொல்ல நான் இன்னும் தயாராக இல்லை."

"தளம் மட்டமா வந்துச்சா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

"‘வந்தது’ என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் காலம் இருக்கிறது. நாம் காலத்தை இன்னும் ஒத்திவைத்துத்தான்..."

இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பக்கத்து எடையோடு மல்லுக்கட்டி, பெட்டியைத் திரும்பக் கீழே சுற்றிக் கொண்டுவர வேண்டும். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் கீழே இருந்தவருக்குக் கிடையாது. மெக்கானிக் கையை நிறுத்தினால் பெட்டி எங்கே நிற்கிறது என்று தெரியாது, நிறுத்தாவிட்டால் தாண்டிவிடும். இயக்குநர் காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னணியில் பேனாக்கள் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அப்புறம் ஒரு தள்ளுமுள்ளு. போன் கை மாறியது.

"வந்துடுச்சு" என்றார் பதிவாளர். "நிறுத்துங்க. அவங்க கீழ விழுந்து கிடக்காங்க."

மெக்கானிக் லீவரை விட்டுவிட்டு ஓடினார். இரண்டு இரண்டு படியாகத் தாண்டி நான்காம் மாடிக்கு வந்தபோது பதிவாளர் கதவின் முன்னால் மண்டியிட்டிருந்தார், கையில் டீ போடுகிற சர்க்கரை டப்பாவும் ஒரு டம்ளர் தண்ணீரும். எப்போது கொண்டுவந்தார் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக் முக்கோணச் சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. ஸ்டெனோ சுவரோரமாகச் சரிந்திருந்தார். புடவை தோள்பட்டையில் நனைந்து ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இமை அசைந்தது. விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, பதிவாளர் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். மெக்கானிக் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, ஒரு அம்மா மயங்கிக் கிடக்கிறாங்க, சுகர், நாலாவது மாடி என்றார். கட்டடத்தின் பெயரைச் சொல்லாமல், பக்கத்தில் இருந்த பெட்ரோல் பங்கை அடையாளம் சொன்னார்.

கூட்டம் வராந்தாவின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. இயக்குநர் கையை உயர்த்தி, யாரும் அவரிடம் எதுவும் கேட்டு அந்த அனுபவத்தைக் கலைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கலைக்கிற நிலையில் யாரும் இல்லை. பதிவாளர் மட்டும் ஸ்பூனைப் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து ஒருவர் குறிப்பெடுத்தார்.

மறுநாள் பதிவாளருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அலுவல் நேரத்தில், முப்பது சாட்சிகள் முன்னிலையில், எந்த ஒத்திவைப்பும் இல்லாமல் ‘வந்துடுச்சு’ என்றும் ‘கிடக்காங்க’ என்றும் இரண்டு இருப்புக் கூற்றுகளை வெளியிட்டதற்காக. பதிவாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: வந்தது, கிடந்தார். அதோடு விடுப்புக் கடிதத்தையும் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

மெக்கானிக்கின் வேலைச் சீட்டில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்ற இடத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட மறுத்தார். ‘பழுது நீங்கியதாகத் தோன்றுகிறது’ என்று திருத்தித்தான் போட்டார். கம்பெனி மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, நம்ம வேலையைப் பத்தி இவ்வளவு சரியா இதுவரைக்கும் யாரும் எழுதினதில்லை என்று ஃபைலில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல், பார்வையாளர் நேரத்தில், மெக்கானிக்கும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்டெனோ தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு. பக்கத்து ஸ்டூலில் பதிவாளர், கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஆப்பிளை மெல்லிசு மெல்லிசாக நறுக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்ததும் ஸ்டெனோ முதலில் கேட்டது மாமனார் அந்தச் சுவரைப் பார்த்து என்ன சொன்னார் என்பதைத்தான். மனைவி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் இயக்குநர் வந்தார். கூடவே டேப் ரெக்கார்டர், தடித்த நோட்டு.

எல்லோரும் எழுந்தார்கள். ஸ்டெனோவும் பழக்க தோஷத்தில் எழப் பார்த்தார். பதிவாளர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். இயக்குநர் நலம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்று விளக்கினார். மற்றவர்கள் வெளியே இருந்தால் நல்லது என்றார். ஒருவரும் நகரவில்லை. மெக்கானிக்கின் மனைவி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இயக்குநர் ரெக்கார்டரை ஓடவிட்டார். முப்பது வருஷமாகத் தான் எட்ட முயன்ற இடத்துக்கு நீங்கள் போய்வந்திருக்கிறீர்கள் என்றார். சிந்திக்கத் தொடங்கியதும் அனுபவம் கலைந்துவிடுகிறது, சிந்திக்காமல் இருந்தால் எழுத முடிவதில்லை, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தன் வாழ்க்கையே நின்றுவிட்டது என்றபோது அவர் குரல் நிஜமாகவே கொஞ்சம் இறங்கியது. மெக்கானிக்குக்கு அந்த ஒரு கணம் அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"யோசிக்காதீர்கள்" என்றார் இயக்குநர். "விளக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்படித் தோன்றியதோ, அதை அப்படியே சொல்லுங்கள்."

ஸ்டெனோ ஆப்பிள் துண்டை மென்று விழுங்கினார்.

"பசிச்சுது, சார்."

இயக்குநர் எழுதிக்கொண்டார். பேனாவை எடுக்காமல் காத்திருந்தார். ரெக்கார்டரின் சின்னச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"சரி. அந்தப் பசிக்கு அடியில்? அதற்கும் அடியில் என்ன இருந்தது?"

ஸ்டெனோ கொஞ்சம் யோசித்துப் பார்த்தார்.

"மூணு மாடி இருந்துச்சு, சார்."

இயக்குநர் அதையும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.